கோதாவும் கேமராவும் – 11: 26 பகுதிகள், ஒரே டிசம்பர்

சென்ற வாரம் 1968-ல் நிறுத்தினோம். மே 29, பம்பாய். தாரா சிங் லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆன நாள். அந்தத் தலைமுறைப் பயில்வான்களுக்கு டிவி தேவைப்படவில்லை. தாரா சிங்கும் கிங்காங்கும் மோதுகிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டினால் போதும், மைதானம் நிரம்பிவிடும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அதே கதைதான். ஆட்டம் முடிந்ததும் கோதாவைப் பிரித்து ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வாரம் ஒரே தாவாக 2012-க்கு வருகிறோம். ஜனவரி 28, சனிக்கிழமை இரவு 8 மணி. கலர்ஸ் சேனலில் 'ரிங் கா கிங்' என்ற இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. எண்டமால் இந்தியா நிறுவனமும், அமெரிக்காவின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த 'டோட்டல் நான்ஸ்டாப் ஆக்‌ஷன்' என்ற மல்யுத்தக் கம்பெனியும் சேர்ந்து தயாரித்தது. சனி, ஞாயிறு என வாரம் இரண்டு பகுதிகள். விளம்பர முகம் ஹர்பஜன் சிங். ஏப்ரல் 22-ம் தேதி 26-வது பகுதியோடு கடை கட்டினார்கள். அடுத்த சீசன் வரவே இல்லை.

அந்தப் பகுதிகளை இப்போது எடுத்துப் பார்த்தால், ஏன் நிலைக்கவில்லை என்பது முதலில் புரியாது. அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். ஒளியமைப்பு பிரமாதம். பயில்வான்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஏழடி உயரம் என்று அறிவிக்கப்பட்ட மேட் மோர்கன், எடி குரேரோவின் அண்ணன் மகன் சாவோ குரேரோ, 'பிரிட்டிஷ் புல்டாக்' டேவி பாய் ஸ்மித்தின் மகன் ஹாரி ஸ்மித், கைப்புஜத்துக்கே பேர்போன ஸ்காட் ஸ்டைனர் என்று பெரிய பட்டியல். பிறகு எங்கே சறுக்கியது? அதற்கு விடை தேட, நிகழ்ச்சி படமான புனேவுக்கு நாம் போகும் முன் டென்னசி மாநிலத்துக்குப் போய் வர வேண்டும்.

சனி காலை, திங்கள் இரவு

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டபிள்யூ.எம்.சி. என்றொரு உள்ளூர் டிவி நிலையம். அலைவரிசை எண் 5. 1970-களின் பிற்பாதியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அங்கே ஒன்றரை மணி நேரம் மல்யுத்தம் நேரடியாக ஒளிபரப்பானது. அறிவிப்பாளர்கள் இரண்டு பேர்: லான்ஸ் ரஸ்ஸல், டேவ் பிரவுன். இதில் பிரவுன் அதே நிலையத்தில் வானிலை வாசித்தவர். மழை வருமா என்று சொல்லும் அதே வாய் சனிக்கிழமை மட்டும் யார் யாரை முதுகில் குத்தினான் என்று சொல்லும்.

சின்ன ஸ்டுடியோ, சில வரிசை நாற்காலிகள், ஒரு கோதா. அங்கே நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை சீக்கிரம் முடிந்துவிடும். மல்யுத்தத்தைவிட மைக்கில் பேசியதுதான் அதிகம். காரணம் லேசானது. அந்த நிகழ்ச்சியே திங்கள் இரவு மிட்-சவுத் கொலீசியம் அரங்கில் நடக்கப்போகும் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்கத்தான். சனிக்கிழமை வில்லன் சவால் விடுவான், நாயகன் பல்லைக் கடிப்பான். மீதியைத் திங்கட்கிழமை காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடையின் முதலாளி ஜெர்ரி ஜாரெட். அவருடைய நட்சத்திரம் ஜெர்ரி லாலர். 1982 ஏப்ரலில் சினிமா, டிவி நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மனை இதே லாலர் தலைகீழாகத் தூக்கிக் குத்தி, கழுத்துப் பட்டையோடு அலையவிட்ட கதையை ஏற்கெனவே இந்தத் தொடரில் பார்த்தோம்.

மெம்ஃபிஸ் ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது அதன் நாள்காட்டி. திங்கள் இரவு வசூல் குறைந்தால், அடுத்த சனிக்கிழமை காலையே கதையை மாற்றலாம். வில்லனுக்குக் கைதட்டல் விழ ஆரம்பித்தால் அவனை நல்லவன் ஆக்கிவிடலாம். நாயகனைப் பார்த்து ஜனங்கள் கொட்டாவி விட்டால் ஓரங்கட்டிவிடலாம். ஐந்தே நாள் இடைவெளி. கூட்டம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே எழுதப்படும் கதை அது.

ஜெர்ரியின் மகன் ஜெஃப் ஜாரெட் அந்தக் கோதாவைச் சுற்றியே வளர்ந்தார். முதலில் நடுவர் வேலை, 1986-ல் பயில்வான். பின்னாளில் எதிராளியின் தலையில் கிட்டாரை உடைப்பது அவருடைய அடையாளமானது.

மீன் பிடிக்கப் போன இடத்தில்

2001-ம் ஆண்டு இந்தத் தொழிலுக்குக் கெட்ட ஆண்டு. மார்ச் மாதம் டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனியை, பின்னாளில் டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் மாறிய போட்டிக் கம்பெனியின் முதலாளி வின்ஸ் மெக்மேன் வாங்கிவிட்டார். அடுத்த மாதமே இ.சி.டபிள்யூ. திவால் மனு போட்டது. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் பெரிய கடை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஜாரெட் அப்பாவும் மகனும் பாப் ரைடர் என்ற நண்பரோடு மீன் பிடிக்கப் போனபோதுதான் டோட்டல் நான்ஸ்டாப் ஆக்‌ஷன் என்ற புதுக் கம்பெனிக்கான யோசனை பிறந்தது என்று சொல்வார்கள்.

எந்தச் சேனலும் இடம் தரத் தயாராக இல்லை. அதனால் ஒரு குறுக்கு வழி. வாரா வாரம் புதன்கிழமை நிகழ்ச்சி, பார்க்க விரும்புகிறவர் வீட்டுக் கேபிளில் 9.95 டாலர் கட்டிப் பார்க்க வேண்டும். 2002 ஜூன் 19, அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில் நகரில் முதல் நிகழ்ச்சி. கென் ஷாம்ராக் முதல் சாம்பியன். செலவைக் குறைக்க, இரண்டாவது வார நிகழ்ச்சியையும் அன்று இரவே பதிவு செய்துகொண்டார்கள். இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். புனேயில் இது பெரிதாகத் தலைகாட்டும்.

சில வாரங்களில் நாஷ்வில் நகரின் பொருட்காட்சித் திடல் அரங்குக்குக் குடிபெயர்ந்தார்கள். பணம் போடுவதாக இருந்த ஒரு நிறுவனம் பாதியில் ஒதுங்கிக்கொள்ள, அக்டோபர் மாதம் டெக்சாஸின் பாண்டா எனர்ஜி பெரும்பங்கை வாங்கியது. அந்த ஆரம்ப கால நிகழ்ச்சிகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். பாதி அபத்தம். ஆனால் ஏ.ஜே. ஸ்டைல்ஸ், லோ கீ போன்ற இளைஞர்கள் எடைப் பிரிவு என்ற பேச்சே இல்லாமல் பறந்து பறந்து சண்டை போட்ட 'எக்ஸ் டிவிஷன்' அங்கேதான் உருவானது. அரங்கில் இருந்த கூட்டம் அதற்குத்தான் எழுந்து நின்றது. கம்பெனி அந்தக் கைதட்டலைக் காதில் வாங்கியது. அதுதான் பிற்காலத்தில் அவர்களுடைய முகவரியே ஆனது.

நம் ஊர் ஆட்களுக்குச் சுவையான ஒரு துணுக்கு. அந்த நாஷ்வில் அரங்கில் 'நியூ சர்ச்' சீடர்கள் என்ற கும்பலில் பிரையன் லீ என்றொரு ஆஜானுபாகு இருந்தார். 1996-ல் அக்‌ஷய் குமார் நடித்த 'கிலாடியோன் கா கிலாடி' படத்தில் அண்டர்டேக்கராக வந்தவர் இவர்தான். அண்டர்டேக்கரே இந்திப் படத்தில் நடித்துவிட்டார் என்று நம் பள்ளிக்கூடங்களில் சத்தியம் செய்தவர்கள் எத்தனை பேர்! அவருக்கு ஏழு உயிர் என்று சொன்ன அதே வாய்கள்தான். ஸ்ரீபெரும்புதூர் பெட்டிக்கடையில் ஆரம்பித்துத் தெற்கே நாகர்கோவில் வரை, உயரம், எடை, மார்பளவு போட்ட சீட்டுக்கட்டை வைத்து ஒரு தலைமுறையே மல்யுத்தம் படித்தது.

பாலேவாடி

2011 டிசம்பர். புனே பாலேவாடியில் உள்ள சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம். அமெரிக்காவிலிருந்து பயில்வான்கள், நடுவர்கள், கதை எழுதுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த புதிய முகங்களும் சேர்ந்துகொண்டன. பொறுப்பு முழுவதும் ஜெஃப் ஜாரெட்டிடம். 26 பகுதிகளும் அந்த ஒரே மாதத்தில், அங்கேயே படமாகி முடிந்தன.

ஒரு நாள் படப்பிடிப்பு என்றால் என்ன? கோதா என்பது இரும்பு உத்தரங்களின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், மேலே இழுத்துக் கட்டிய கான்வாஸ். மெத்தை என்று நினைத்தால் ஏமாற்றம். விழுகிறவன் முகவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து முதுகு முழுவதையும் பரப்பி விழுகிறான். பலகை எழுப்பும் ஓசைதான் நாம் கேட்கும் 'தடால்'. அரங்கின் ஒரு பக்கம் மேடான இடத்தில் அசையாத பிரதானக் கேமரா. பயில்வான் ஜெயித்துக் கையைத் தூக்கும்போது எப்போதும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் தூக்குவார். நடுவர் காதில் சின்ன இயர்பீஸ், விளம்பர இடைவேளைக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று அவர்தான் இருவருக்கும் முணுமுணுப்பார். இப்படி ஒரு பகுதி முடிந்ததும் விளக்கை மாற்றி, அறிவிப்பாளர் உடை மாற்றி, அடுத்த பகுதி. இவ்வாறு மொத்தமாகப் பதிவு செய்த நிகழ்ச்சிகளைக் கூர்ந்து பார்த்தால், இரண்டு வாரக் கதை நகர்ந்திருக்கும், முன்வரிசை ஆசாமியின் சட்டை மட்டும் மாறியிருக்காது.

கதை பழைய மெம்ஃபிஸ் பாணிதான். தொடக்கத்தில் பட்டத்துக்கான போட்டி, அதில் மேட் மோர்கன் முதல் சாம்பியன். எதிர்ப்பக்கம் ஜாரெட்டே தலைமை தாங்கும் வில்லன் கும்பல். பெயர் ஆர்.டி.எக்ஸ். 1993 பம்பாய் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தியாவில் குழந்தைக்கும் தெரிந்த சொல். ஸ்டைனர், அபிஸ், சோன்ஜே தத் எல்லாம் அந்தக் கூடாரத்தில். சோன்ஜே தத் வாஷிங்டன் பக்கம் பிறந்த இந்திய வம்சாவளி இளைஞர், பாலிவுட் நடிகரின் பெயரை மேடைப்பெயராக வைத்துக்கொண்டவர், 2003-லிருந்து நாஷ்வில் கம்பெனிக்காரர். இந்தியத் தரப்பு நாயகன் மகாபலி வீரா. பஞ்சாபைச் சேர்ந்த அமன்பிரீத் சிங். நல்ல உடல்வாகு, நல்ல முகவெட்டு, ஆனால் அன்று தொழிலுக்கு மிகவும் புதியவர். கனடாவில் பிறந்த சிஹ்ரா சகோதரர்கள் 'பாலிவுட் பாய்ஸ்' என்ற பெயரில் ஆடிக்கொண்டே வந்தார்கள்.

முதல் சில பகுதிகளிலேயே சிக்கல் தெரிகிறது. இந்தியாவில் எடுத்த நிகழ்ச்சியில் பட்டம் ஓர் அமெரிக்கர் இடுப்பில். வில்லனும் அமெரிக்கர். நம் ஆள் ஓரத்தில் நின்று தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார். ஜனங்களுக்கு யார் பிடித்தது, யாரை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பது பிப்ரவரியில் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்ய? கதையின் கடைசிக் காட்சி டிசம்பரிலேயே படமாகி, பயில்வான்கள் விமானம் ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஏப்ரல் வந்தது. 4-ம் தேதி ஐ.பி.எல். சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸை எதிர்த்து ஆடிய மும்பை இந்தியன்ஸ் அணிக்குக் கேப்டன் வேறு யாருமில்லை, ஹர்பஜன் சிங். நிகழ்ச்சியின் விளம்பர முகமே இரவு 8 மணிக்கு வேறு சேனலில் பந்து வீசிக்கொண்டிருந்தது. நேரடி நிகழ்ச்சியாக இருந்திருந்தால் ஹர்பஜனை வைத்தே ஒரு வம்பை இழுத்துவிட்டிருக்கலாம். பதிவு செய்த டேப்புக்கு அந்த வசதி கிடையாது.

படுகளம் கற்றுத்தருவது

'எல்லாம் நடிப்புத்தானே, முடிவு முன்பே தெரிந்ததுதானே, எப்போது படமாக்கினால் என்ன?' என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் நடந்து, கடைசியில் துரியோதனன் படுகளம். திடலில் மண்ணால் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்ட உருவம். அதைச் சுற்றிச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் கதையோடு ஓடுவார்கள். பீமன் ஜெயிப்பான் என்று தெரியாத ஆள் அந்தத் திடலில் ஒருவர்கூடக் கிடையாது. எங்கே அடித்து ஜெயிப்பான் என்பதும் தெரியும். தொடையில் அடிப்பது கதாயுத்த விதிக்குப் புறம்பு என்பதும் தெரியும். ஆனாலும் அந்த அடி விழும்போது 'தப்பாட்டம்' என்று யாரும் சொல்வதில்லை. அத்தனை இரவுகளாகத் துரியோதனன் செய்த அக்கிரமத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.

முடிவு தெரிந்திருப்பது பிரச்சினையே இல்லை. அந்த முடிவுக்கு ஜனங்களை நடத்திக்கொண்டு போகிறவன் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கூட்டம் சூடாக இருந்தால் துரியோதனன் இன்னும் ஒரு சுற்று ஓடுவான், இன்னும் நாலு வசை பாடுவான். சிறுசுகள் தூங்கி வழிந்தால் கட்டியங்காரன் புகுந்து ஒரு நையாண்டி போடுவான். வாத்தியாருக்குக் கண் ஆட்டக்காரர் மேலும் இருக்கும், திடல் மேலும் இருக்கும். மெம்ஃபிஸ் ஜெர்ரி ஜாரெட் செய்ததும் அதேதான். அவருடைய மகனுக்குப் புனேயில் அதைச் செய்ய இடமில்லாமல் போயிற்று. திடல் முழுக்க ஆள் இருந்தார்கள். ஆனால் நிகழ்ச்சியின் உண்மையான பார்வையாளர்கள் தங்கள் வீடுகளில், சில மாதம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

நம் ஒரகடத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தொழிற்சாலைக் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். ரிங் கா கிங் முடிவதற்கு நான்கு நாள் முன்பு, 2012 ஏப்ரல் 18-ல்தான் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2010-லேயே ரெனோ-நிசான் வந்துவிட்டது. இங்கே லைனில் நிற்கிற ஆளுக்கு ஒன்று தெரியும்: இன்று மாலை ஷிஃப்ட்டுக்கு வேண்டிய உதிரிபாகம் இன்று காலை லாரியில் வரும். ஆர்டர் குறைந்தால் லைன் மெதுவாகும், மாடல் மாறினால் பாகம் மாறும். ஒரு வருடத்துக்கான வண்டியை ஒரே மாதத்தில் கட்டி யார்டில் நிறுத்திவிட்டு, பிறகு வாடிக்கையாளருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று விசாரிக்கிற கம்பெனி ஒரு வருடம் தாங்காது. கலர்ஸில் நடந்தது அதுதான்.

நியாயமாகச் சொன்னால் ஜாரெட்டுக்கு வேறு வழியும் இல்லை. இருபது முப்பது அமெரிக்கப் பயில்வான்களை மூன்று மாதம் புனேயில் தங்கவைத்து வாரா வாரம் எடுப்பது எந்தச் சேனலுக்கும் கட்டுப்படியாகாது. விமானச் செலவு, விசா, மைதான வாடகை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடு என்றுதான் சொல்லும். சின்னக் கம்பெனியின் சிக்கனம் ஹன்ட்ஸ்வில்லில் ஒரே இரவில் இரண்டு நிகழ்ச்சி எடுக்க வைத்தது. அங்கே பாதகமில்லை, மூன்றாவது வாரத்தில் திருத்திக்கொள்ள வழி இருந்தது. புனேயில் மூன்றாவது வாரம் என்ற ஒன்றே இல்லை.

பிறகு

2013 முடியும் தறுவாயில் ஜாரெட் தான் தொடங்கிய கம்பெனியை விட்டே விலகினார். மகாபலி வீரா, மகாபலி ஷேரா என்ற பெயரில் அமெரிக்கா போய் அதே கம்பெனியில் ஆடினார். சிஹ்ரா சகோதரர்கள் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போய், 2017 மே மாதம் ஜிந்தர் மகால் உலகப் பட்டம் வென்ற இரவில் அவருக்கு இரு பக்கமும் எடுபிடிகளாக நின்றார்கள்.

அதே மாதக் கடைசியில் நாஷ்வில் கம்பெனி மறுபடி இந்தியா வந்தது. இந்த முறை தனி நிகழ்ச்சி, தனிப் பட்டம் என்ற பேச்சே இல்லை. தங்கள் வழக்கமான வாராந்திர நிகழ்ச்சியின் சில பகுதிகளை மும்பையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்கள், அவ்வளவுதான். மே 30 அன்று சோன்ஜே தத், லோ கீயை வீழ்த்தி எக்ஸ் டிவிஷன் சாம்பியன் ஆனார். 2003-லிருந்து கம்பெனியோடு தொடர்பு இருந்தும் அந்தப் பட்டம் அவர் கைக்கு வந்ததில்லை. அரங்கம் பெரிதில்லை, நட்சத்திரப் பட்டியலும் 2011 அளவுக்கு இல்லை. ஆனாலும் ரிங் கா கிங்கின் 26 பகுதிகளிலும் கிடைக்காத ஒரு வெற்றிக் காட்சி அங்கே ஒரே ஆட்டத்தில் கிடைத்தது. பதினாலு வருடம் தோற்றும் ஜெயித்தும் ஜனங்களோடு பழகிய ஒரு முகத்துக்காக எழுந்த சத்தம் அது. அதைக் கேமராவும் மேடையும் சேர்ந்து ஒரு டிசம்பரில் தயாரித்துவிட முடியாது.

புனே பாடத்தை இந்தியாவில் ஒருவர் மட்டும் தலைகீழாகச் செய்து பார்த்தார். வெளிநாட்டு முதலீடும் வேண்டாம், பெரிய சேனலும் வேண்டாம் என்று 2015-ல் ஜலந்தர் அருகே கோதா போட்டு, சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, காணொளிகளை யூடியூபில் ஏற்றினார். எது பிடிக்கிறது என்று ஜனங்கள் அங்கே அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு காணொளியில் கூட்டத்திலிருந்து சல்வார் கமீஸோடு எழுந்து வந்த பளுதூக்கும் வீராங்கனை கவிதா தேவி, அடுத்த வருடமே அமெரிக்கக் கோதாவில் ஏறினார். அவரை அங்கே ஏற்றிவிட்ட ஏழடி மனிதர் 'கிரேட் காளி' தலீப் சிங் ராணா. 2016 பிப்ரவரியில் ஹல்த்வானியில் மண்டை உடைந்து மருத்துவமனைக்குப் போனவர், நான்கே நாளில் டேராடூன் கோதாவில் எப்படி வந்து நின்றார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)